செத்த காலேஜில் சாகாத காசு!



கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 ஜூலை 27 அன்று ஒரு நாணயம் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி. யார் நினைவாக? கடல் கடந்து கலம் செலுத்திய இராசேந்திர சோழன் நினைவாக! சிதம்பரத்தில் பேருந்து ஏறி, காட்டுமன்னார்கோயிலைத் தாண்டினால் வந்துவிடும் ஊர் அது. நம் மாவட்டத்துக்கு அண்டை வீடு. கூட்டத்தில் நம்மவர் சிலரும் நின்றிருப்பர். கை தட்டியும் இருப்பர். தட்டியதில் குற்றமில்லை. தமிழ் மன்னனுக்கு மரியாதை செய்தால் தமிழன் கை தானாகவே தட்டும்.

தட்டிய கை ஓய்ந்த பிறகு, தலை சற்றே சிந்திக்க வேண்டாமா?

அதே 2025ஆம் ஆண்டில் இன்னும் இரண்டு செய்திகள் வந்தன. மார்ச்சுத் திங்களில், தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் ‘ரூ’ என்ற தமிழ் எழுத்து இடம்பெற்றது. உடனே எழுந்தது ஓலம்! ஒற்றுமை உடைகிறது என்றனர். பிரிவினை வாடை வீசுகிறது என்றனர். மத்திய நிதியமைச்சரே கண்டித்துப் பேசினார். மே திங்களில் இன்னொன்று. கீழடியைத் தோண்டிய அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023இல் கொடுத்த அறிக்கையைத் திருத்தித் தரும்படி மத்தியத் தொல்லியல் துறை கேட்டது. அவர் மறுத்தார்.

மார்ச்சில் எழுத்துக்கு எதிர்ப்பு. மே மாதத்தில் சான்றுக்குச் சந்தேகம். ஜூலையில் மன்னனுக்கு மாலை! தமிழனின் முடிசூடிய முன்னோர் வேண்டும். அவன் எழுதுகிற எழுத்து வேண்டாம், அவன் மண்ணில் கிடைத்த ஓடும் காசும் சொல்கிற வயது வேண்டாம் என்றால், இது என்ன மரியாதை?

இதற்கு விடை சொல்ல மேடை வேண்டாம், மைக்கு வேண்டாம். ஒரு பழைய செப்புக் காசு போதும்.

காசு என்பது அரசின் வாய்

கல்வெட்டு ஓரிடத்தில் நிற்கும். காசு ஊரெல்லாம் போகும். கோயில் சுவரில் வெட்டிய எழுத்தைக் கோயிலுக்குள் விடப்பட்டவன்தான் பார்த்தான். காசையோ உழவன் பார்த்தான், உப்பு விற்றவள் பார்த்தாள், ஓடக்காரன் பார்த்தான். அதனால்தான் எந்த அரசும் தன் பெயரையும் சின்னத்தையும் மொழியையும் காசில் அடித்தது. “நான் யார், இது யார் நாடு, இங்கே எந்த மொழிக்கு மதிப்பு” என்ற மூன்று கேள்விக்கும் காசு விடை சொல்லும்; கேட்காமலே சொல்லும்.

ஆகவே, அருங்காட்சியகத்தில் வரிசையாக அடுக்கிய பழங்காசு வேடிக்கைப் பொருளன்று, சாட்சி. 1851இல் தொடங்கிய சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் பட்டணத்துப் பாமர மக்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. அடைத்த விலங்கு உயிரோடிருந்தால் அது. பாடம் செய்து வைத்திருந்தால் இது! நல்ல நகைச்சுவைதான். ஆனால் அந்தச் செத்த காலேஜின் பேழையில் கிடக்கும் காசுக்குச் சாவே இல்லை. இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அது பேசுகிறது. நாம்தாம் காது கொடுக்கவில்லை.

பெண்ணை ஆறு கொடுத்த பிறப்புச் சான்று

சங்க காலத் தமிழ் வேந்தர் தம் பெயரில் காசு அடித்ததற்குச் சான்றில்லை என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். உரோமாபுரிப் பொன் வந்தது, வடநாட்டு வெள்ளி முத்திரைக் காசு வந்தது, தமிழன் வாங்கிச் செலவழித்தான், அவ்வளவுதான் என்பது அவர்கள் கணக்கு. மிளகு கொடுக்கத் தெரிந்தவனுக்கு நாணயம் அடிக்கத் தெரியாதாம்!

அந்தக் கணக்கைக் கிழித்தவை ஆற்று மணலில் கிடைத்த சிறு காசுகள். 1980களில் ‘பெருவழுதி’ என்ற பெயர் தமிழி எழுத்தில் பொறித்த பாண்டியர் செப்புக் காசு வெளிச்சத்துக்கு வந்தது. கரூர்ப் பக்கத்தில் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’, ‘கொல்லிப்பொறை’ என்று சேரர் காசுகள் வந்தன. இவற்றைத் தேடி வாங்கி, படித்து, நூலாக்கியவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. அந்த எழுத்துகளைப் படிக்கும் கலையில் துறைபோனவர் தினமணி ஆசிரியராக இருந்த ஐராவதம் மகாதேவன். அவர்கள் ஏடு வேறு, நம் ஏடு வேறு; அரசியலில் ஆயிரம் வேறுபாடு இருக்கும். ஆனால் தமிழன் காசுக்குத் தமிழில் பெயர் இருந்ததென்று மெய்ப்பித்துக் காட்டியவர்க்கு நன்றி சொல்ல நமக்கு என்ன தயக்கம்? பகைவன் தோட்டத்துக் கனியானாலும் இனிப்பு இனிப்புத்தான்.

இவற்றில் நம் மாவட்டத் தோழர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய காசு ஒன்று உண்டு. அது மலையமான் காசு. மூவேந்தர் பெயர் தெரியும், மலையமான் யார்? திருக்கோவலூரிலிருந்து ஆண்ட குறுநில மன்னர் குடி. வள்ளல் என்று புலவர் கொண்டாடிய திருமுடிக்காரி அந்தக் குடியில் வந்தவன். திருக்கோவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். பழைய தென்னார்க்காட்டில் நம்மோடு இருந்த ஊர். அங்கே பாயும் தென்பெண்ணைதான் கடலூரில் வந்து கடலில் விழுகிறது. அந்த ஆற்றங்கரையில் கிடைத்த காசின் ஒரு பக்கம் குதிரை. மறு பக்கம் மலையும் ஆறும். ‘மலையமான்’ என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த காசும் கிடைத்திருக்கிறது.

எண்ணிப் பாருங்கள்! பேரரசன் அல்லன், கங்கையும் கடாரமும் கொண்டவன் அல்லன். ஒரு மலை, ஓர் ஆறு, ஒரு குதிரை இவ்வளவுதான் அவன் சொத்து. அதையே காசில் அடித்து, “இது என் மலை, இது என் ஆறு, இது என் பெயர், இது என் எழுத்து” என்று சொல்லிவிட்டான். மாநில உணர்வு என்பது நேற்று முளைத்த நஞ்சு என்கிறார்களே, அவர்கள் இந்தக் காசை ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கட்டும்.

பெரிய மன்னன், பிற எழுத்து

இனி, சோழனுக்கு வருவோம். இங்கேதான் நாம் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். உண்மை சில வேளை நம்மையும் சுடும்.

இராசராசன் காசு ஏராளமாகக் கிடைத்திருக்கிறது, ஈழத்திலும் கிடைக்கிறது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் அமர்ந்த உருவம். அதன் அருகே அவன் பெயர். எந்த எழுத்தில்? நாகரியில்! தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர் முழுதும் தமிழில் வெட்டியவன், காசில் மட்டும் வடவெழுத்தில் பெயர் போட்டான். புலியும் கயலும் வில்லும் ஒன்றாய் நிற்கும் சோழர் காசிலும் அதே நாகரிதான். ஏன்? தமிழ் வழங்காத நாடுகளுக்கும் தான் மன்னன் என்று காட்டவா? அரசவையில் வடமொழி பெற்ற செல்வாக்கா? அறிஞர் ஆய்ந்து சொல்லட்டும். நாம் சொல்வது இதுதான்: மலையமானிடமிருந்த துணிவு மாமன்னனிடம் காணோம்.

இதைச் சொன்னால், “சோழனையே குறை சொல்கிறாயா?” என்று சீறும் தோழர் இருப்பார். சீற வேண்டாம், தோழா! நம் இயக்கம் எந்த மன்னனுக்கும் பல்லக்குத் தூக்கப் பிறந்ததன்று. சிற்றம்பலத்துக் கூரைக்குப் பொன் வேய்ந்த பராந்தகனைப் பாராட்டிப் பாடியவர் பலர். அந்தப் பொன்னை விளைவித்த உழவனின் கூலி பொன்னாய் வந்ததா, நெல்லாய் அளந்ததா என்று கேட்டவர் சிலர். நாம் அந்தச் சிலரின் வழி வந்தவர்கள். வரலாற்றை வணங்குவது பக்தி. வரலாற்றை வாசிப்பது பகுத்தறிவு.

வாசித்தால் ஆறுதலும் உண்டு. சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றவன் முதற் குலோத்துங்கன். வணிகர் முதுகில் ஏறியிருந்த சுங்கத்தை இறக்கியவன்! நெல்லூர்ப் பக்கத்துப் புதையலில் கிடைத்த பொற்காசுகளில் ‘சுங்’ என்று தமிழ் எழுத்தில் அந்தப் பெயரின் தலைப்பைக் காணலாம். அவனுக்குப் பின், பாண்டியர் மறுபடி ஓங்கிய காலத்தில், செப்புக் காசுகள் பச்சைத் தமிழ் பேசின: ‘சுந்தர பாண்டியன்’, ‘எல்லாந்தலையானான்’, ‘சோணாடு கொண்டான்’. சிதம்பரத்தைப் பொன்னால் போர்த்திய சுந்தர பாண்டியனின் பெயர், சந்தையில் உழன்ற செம்பில் தமிழாகவே நின்றது. பொன் வேய்ந்த கூரையை அண்ணாந்து பார்த்தான் ஏழை. செம்பில் அடித்த எழுத்தையோ கையில் பிடித்தான்.

பறங்கிக்குத் தெரிந்தது

மன்னர் போனார், மரக்கலம் வந்தது. இந்தக் கதைக்குக் கடலூரைவிடப் பொருத்தமான மேடை இல்லை.

1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிற்று. கோட்டை மட்டுமா? பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரை நிலம் எல்லாம் கம்பெனிக்கு என்பது பேச்சு. சுட்டார்கள், குண்டு விழுந்தது, அதற்குட்பட்ட ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ ஆயின. ஊராரைக் கேட்டார்களா? குண்டைக் கேட்டார்கள்! சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த 1746 முதல் 1752 வரை, தென்னாட்டில் கம்பெனியின் தலைமையிடமே செயின்ட் டேவிட் கோட்டைதான்.

நிலத்தைக் குண்டால் அளந்தவன், காசை எப்படி அடித்தான்? இங்கேதான் வேடிக்கை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் அடித்த செப்புக் காசில் ஒரு பக்கம் அவன் நாட்டு அல்லிப்பூ. மறு பக்கம் ‘புதுச்சேரி’ என்று தமிழ். காரைக்காலுக்கென அடித்ததில் அந்த ஊர்ப் பெயரும் தமிழில்தான். டச்சுக்காரன் நாகப்பட்டினத்துக் காசில் ஊர்ப் பெயரைத் தமிழில் பொறித்தான். சிதம்பரத்துக்குப் பக்கத்துப் பரங்கிப்பேட்டையின் பெயரால் ஒரு வராகனே வழங்கிற்று. ஆங்கிலக் கம்பெனியும் விதிவிலக்கன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அடித்த அரைப் பூவராகன், கால் பூவராகன் வெள்ளி நாணயங்களில் ஆங்கிலமும் பாரசீகமும் ஒரு பக்கம், தமிழும் தெலுங்கும் மறு பக்கம். நடுவே கோபுரம்!

இவர்களுக்குத் தமிழ்ப் பற்றா? இல்லை, தோழர்களே, இல்லை! வியாபாரப் புத்தி. நெசவாளி துணி கொடுக்க வேண்டும், உழவன் நெல் கொடுக்க வேண்டும், கூலியாள் மூட்டை தூக்க வேண்டும். அவன் காசை நம்பினால்தான் நடக்கும். படிக்க முடிந்தால்தான் நம்புவான். மக்களிடம் வேலை வாங்க விரும்புகிற காசு, மக்கள் மொழியில் பேசியாக வேண்டும் என்பது பறங்கிக்குத் தெரிந்திருந்தது. நம் ‘காசு’ அவன் வாயில் ‘கேஷ்’ ஆயிற்று. ‘பணம்’ அவன் கணக்கில் ‘ஃபனம்’ என்று ஏறிற்று. கொள்ளையடிக்க வந்தவன்கூட மொழியைக் கொஞ்சம் மதிக்க நேர்ந்தது.

தமிழ் எப்போது மறைந்தது?

1818இல் சென்னை மாகாணத்தில் வராகன் விலகி ரூபாய் தலைமை பெற்றது. 1835இல் கம்பெனி ஆண்ட நாடு முழுவதற்கும் ஒரே நாணயம் என்று சட்டம் வந்தது. ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே தலை. அந்தத் தலை இலண்டன் மன்னன் தலை! அன்று மறைந்தது தமிழ். பிறகு 1907 வாக்கில் வந்த நிக்கல் ஓரணாவில் இந்நாட்டு மொழிகளுக்கு இடம் கொடுத்தார்கள்: இந்தி, உருது, வங்கம், தெலுங்கு. தமிழ்? இல்லை.

சுதந்தரம் வந்தது. 1950இல் புது நாணயம் வந்தது. மன்னன் தலை போய்ச் சிங்கத் தலை வந்தது. மொழி இந்தியும் ஆங்கிலமும். 1957இல் நயா பைசா வந்தபோது, ‘ரூபாயில் நூற்றில் ஒரு பங்கு’ என்ற விளக்கம் இந்தியில் மட்டும்! கடலூர்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கு அந்தக் காசு என்ன சொல்லிற்று? “உன் உழைப்பு எனக்கு வேண்டும், உன் மொழி எனக்கு வேண்டாம்” என்றது. ரூபாய் நோட்டில் மற்ற மொழிகளோடு ஒரு மூலையில் தமிழ் உண்டு, உண்மை. அன்றாடம் கைமாறும் காசில் இன்றும் இல்லை.

நினைவு நாணயத்தில் மட்டும் சில வேளை கதவு திறந்தது. தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995இல் வள்ளுவர் உருவத்தோடு நாணயம் வந்தது. உருவம் வள்ளுவருக்கு, எழுத்து இந்திக்கும் ஆங்கிலத்துக்கும்! 2009இல் வந்த அண்ணா நூற்றாண்டு நாணயத்தில் அவர் தமிழில் இட்ட கையெழுத்து ஏறிற்று. 2024இல் கலைஞர் நூற்றாண்டு நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்ற எழுத்து ஏறிற்று. கேட்டால் கிடைக்கும், கேளாதிருந்தால் கிடைக்காது என்பதற்கு இவை சாட்சி.

“ரூபாய்க் குறியை வரைந்தவரே தமிழர்தானே, அதை ஏன் விட்டீர்கள்?” என்று மடக்குகிறார்கள். ஆம், தமிழர்தான். 2010இல் ஏற்கப்பட்ட அந்தக் குறியை வரைந்த உதயகுமார், பழைய தென்னார்க்காட்டு ரிஷிவந்தியம் தொகுதியின் முன்னாள் தி.மு.க. சட்டமன்ற உறுப்பினரின் மகன். அவர் திறமைக்குத் தலை வணங்குவோம். ஆனால் அந்தக் குறி தேவநாகரி ரகரமும் ஆங்கில எழுத்தும் கலந்தது. மளிகைக் கடைச் சீட்டிலும் வட்டிக் கணக்கிலும் கூலிப் பட்டியலிலும் தமிழன் எழுதிவந்தது ‘ரூ’. அதற்கும் முன்னே ‘௹’ என்று தனிக் குறியே வைத்திருந்தான் நம் பாட்டன். பழைய பிராமிசரி நோட்டை எடுத்துப் பாருங்கள். பாட்டன் எழுதினால் கணக்கு. பேரன் எழுதினால் பிரிவினையா?

உலகத்தைப் பார்க்கட்டும். சிங்கப்பூர் நாணயத்தில் நாட்டின் பெயர் தமிழிலும் உண்டு. அதனால் சிங்கப்பூர் சிதறிற்றா? இலங்கை நாணயத்தில் தமிழ் உண்டு. தமிழனுக்கு உரிமை தர மறுத்த ஆட்சிகள்கூட அதை எடுத்துவிடவில்லை. மொரீசியசில் 1998இல் புது நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியை வைத்தார்கள். அங்குள்ள தமிழர் கொதித்தெழுந்தனர். அந்த அரசு அவர்களைப் பிரிவினைவாதி என்று பழிக்கவில்லை. நோட்டைத் திரும்பப் பெற்று, வரிசையைத் திருத்தி, வேறு நோட்டு அடித்தது. சின்னஞ்சிறு தீவுக்குள்ள பெருந்தன்மை, பெரிய நாட்டுக்கு ஆகாதா?

சிதம்பரத்துத் தோழருக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 1965 சனவரி 27. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்த நாள். போலீஸ் துப்பாக்கி பேசிற்று. மாணவன் இராசேந்திரன் மாண்டான். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இராசேந்திரனுக்கு நாணயம் அடிக்கிறார்கள். அறுபது ஆண்டுக்கு முந்திய இராசேந்திரன் நாணயம் கேட்கவில்லை, நியாயம் கேட்டான். முன்னவனுக்குப் பொற்கிழி தருகிறவர்கள், பின்னவன் கேட்டதற்கு விடை தரவில்லை.

எங்கே கிடக்கின்றன நம் காசுகள்?

டில்லியை மட்டும் கேட்டால் போதாது. நம் வீட்டையும் நாம் கேட்க வேண்டும்.

புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சியில் 1898இல் உரோமாபுரிப் பொற்காசு 501 கிடைத்தது. எங்கே போயிற்று? இலண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிக்கொண்டது. சென்னையில் சிவில் அதிகாரியாக இருந்த வால்ட்டர் எலியட் தென்னாட்டுக் காசுகளைத் திரட்டி நூல் எழுதினார்; அவர் திரட்டியதில் பெரும் பகுதியும் கப்பலேறிற்று. உத்தம சோழனின் பொற்காசு ஒன்றைப் பற்றி, மூலக் காசு கைக்கெட்டாமல், அவர் நூலில் வந்த கோட்டுப் படத்தை வைத்துக்கொண்டே அறிஞர் நெடுங்காலம் பேச நேர்ந்தது. சோழன் காசு, சாட்சி சொல்வது சீமைப் படம்!

எழும்பூரில் எஞ்சியிருப்பது பெருஞ்செல்வம். ஆனால் காவலுக்காகப் பூட்டிய அறையில் கிடக்கும் காசு, காண வருகிறவனுக்கு எப்படிப் பேசும்? பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருந்தால், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைத் தோழர் எப்படிப் படிப்பார்? கடலூரிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத் தோழரே, துறைமுகத் தோழரே, உங்களில் எத்தனை பேர் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனீர்கள்? சினிமாக் கொட்டகைக்கு அழைத்துப்போன நாளை எண்ணினால் விரல் போதாது. மியூசியத்துக்குப் போன நாளை எண்ண ஒரு விரலாவது வேண்டுமா?

நாமே எட்டிப் பார்க்காத பெட்டியை, அடுத்தவன் எடுத்துப்போனால் அழுது பயனென்ன?

கண்டெடுத்த கைக்கு என்ன கூலி?

இன்னொரு பக்கம் உண்டு. அது முழுக்க முழுக்கப் பாட்டாளிப் பக்கம். இந்தக் காசுகளைக் கண்டெடுத்தவர் யார்? பேராசிரியரா, பெருந்தனக்காரரா? கிணறு வெட்டியவன், அஸ்திவாரம் தோண்டியவன், ஏர் ஓட்டியவன், ஆற்று மணல் சலித்தவன்! 2025 நவம்பரில் சவ்வாதுமலைக் கோவிலூரில் கோயில் திருப்பணியின்போது ஒரு மண் கலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பழம் பொற்காசு வெளிப்பட்டதே, அங்கும் மண்ணைத் தோண்டிய கை தொழிலாளியின் கைதான்.

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. மண்ணுக்குள் மறைந்த பொருள், மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால், கண்டவன் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரியவர் எவருமில்லை என்று முடிவானால், வேறு ஏற்பாடு இல்லாதபோது, முக்கால் பங்கு கண்டெடுத்தவனுக்கு, கால் பங்கு நிலத்துக்காரனுக்கு. அரசு தனக்கே வேண்டுமென்று எடுத்தால், உலோகத்தின் விலையும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் தரும்.

முக்கால் பங்கு தோழனுக்கு என்பதை எத்தனை தோழர் அறிவார்? அறியாததால் நடப்பது என்ன? இரவோடு இரவாகக் காசு பட்டறைக்குப் போகிறது; உருகுகிறது; கட்டியாகிறது. எடைக்கு விலை போட்டவன் கொழுக்கிறான். கண்டவனுக்குக் கிடைப்பது அரைக் காசு, அதோடு ஆயுள் முழுதும் அச்சம். உருகிய காசு ஊமை. மலையமான் பெயர் ஒரு மூக்குத்தியாகி மறைந்தால், அதன் பிறகு எந்த மாநாடு கூட்டியும் மீட்க முடியாது.

சட்டத்திலும் கோளாறு இருக்கிறது. அது எடைக்கு விலை பேசுகிறது. எழுத்துக்கு விலை பேசவில்லை. பொற்காசுக்கு உலோக விலை உண்டு. ஈராயிரம் ஆண்டுச் செப்புக் காசுக்கு உலோக விலை என்ன? ஒரு டீக்குக் காணாது! ஆனால் தமிழி எழுத்து இருப்பது அந்தச் செம்பில்தான். செம்பைக் கொடுப்பவனுக்குப் பொன்னான பரிசு கொடுத்தால்தான் வரலாறு பிழைக்கும்.

நாம் கேட்பது

கேட்பதைத் தெளிவாகக் கேட்போம்.

தமிழ்நாட்டு அரசிடம் கேட்கிறோம்: தென்பெண்ணைக் கரையின் மலையமான் காசும், இராசராசன் காசும், சுந்தர பாண்டியன் காசும், கம்பெனியின் பூவராகனும், ‘புதுச்சேரி’ என்று பொறித்த பிரெஞ்சுக் காசும் கடலூரில் ஒரே வரிசையில், தமிழ் விளக்கத்தோடு, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே இருக்கட்டும். எழும்பூரிலிருந்து சுற்றுக்கு அனுப்பினாலும் சரி. எந்த எழுத்து எப்போது வந்தது, எப்போது மறைந்தது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்தறியட்டும். மலிவு விலையில் தமிழில் பட்டியல் வரட்டும். கண்டெடுத்த தொழிலாளி பெயர், அவர் இசைந்தால், காசுக்குக் கீழே எழுதப்படட்டும். செம்புக்கும் ஈயத்துக்கும் எடை பாராமல் பரிசு தரப்படட்டும்.

டில்லியிடம் கேட்கிறோம்: விழாவுக்கு ஒரு நாணயம் போதாது. தமிழன் வரி கட்டுகிற காசில், தமிழன் கூலி வாங்குகிற காசில், தமிழும் இருக்கட்டும். மற்ற மொழியாருக்கும் அவரவர் மொழி இருக்கட்டும். நோட்டில் இடம் இருக்கிறது என்றால், காசில் மனம் இருந்தால் போதும். தோண்டிய சான்று சொல்வதைச் சொல்லவிடுங்கள்; மண்ணின் வாயை மூடாதீர்கள்.

கழகத் தோழரிடம் கேட்கிறோம்: பெருமை பேசுமுன் பேழையைப் பாருங்கள். படிப்பகத்துக்கு ஒருவராவது புதையல் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். மண்வெட்டியில் ‘டிங்’ என்று ஓசை கேட்டால், பட்டறைக்கு ஓடாதே, கிராம நிர்வாக அதிகாரியிடம் சொல், கலெக்டருக்கு எழுது, எழுதியதற்கு ரசீது வாங்கு என்று சொல்லிக்கொடுங்கள். அது உன் பங்கையும் காக்கும், உன் பாட்டன் பெயரையும் காக்கும்.

மலையமானுக்குப் பெரும் படை இல்லை, பேரரசு இல்லை. ஒரு மலையும் ஓர் ஆறும் இருந்தன. தன் எழுத்தில் தன் பெயரை அடிக்கும் தன்மானம் இருந்தது. மலை இருக்கிறது; ஆறு, மணல் பறிபோனாலும், இருக்கிறது. மூன்றாவதும் இருக்கிறதென்று காட்டுவது நம் வேலை!